அருவிக்குக் கிடைத்த நீதி லயத்துக்கும் வேண்டும்

ஆறுகளின் மீது அரசாங்கத்துக்கு உள்ள அதிகாரமும் மக்களுக்கு உள்ள உரிமையும் என்னும் பொருள்பற்றி, அட்டனில் விவசாயிகளும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை.



இந்த அட்டன் வட்டாரம் இலங்கையின் இரண்டு பேராறுகளுக்கு வீட்டுத்திண்ணை போன்றது. பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் பெய்கிற மழை, கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா வழியே களனி கங்கையாகிக் கொழும்பு மாநகருக்குக் குடிநீராகின்றது. அக்கரப்பத்தனையிலும் தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் பெய்கிற மழை, கொத்மலை ஓயா வழியே மகாவலியாகி, பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, அனுராதபுரத்து வயல்களுக்கும் போகின்றது. கொழும்பு குடிப்பதும் நம் மலைநீர். வறண்ட வலயம் விதைப்பதும் நம் மலைநீர். இடையிலே இந்நாட்டு விளக்குகள் பலவற்றை எரியச் செய்வதும் அதே நீர்தான்.

இத்தனை பேருக்கு உதவும் நீரைக் கட்டுப்பாடு இல்லாமல் விட முடியுமா? முடியாது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் ஆற்றைத் தொடவே கூடாது என்று வாதாட நான் இங்கு வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன இனம் நம்முடையது. என் கேள்வி வேறு. அளப்பவர் யார்? யாருக்கு அளந்தார்? யாரை அளவையில் சேர்க்காமல் விட்டார்? இந்த மூன்றுக்கும் விடை தேடுவதே என் நோக்கம்.

கேளாமல் எடுத்த நீர்

1918ஆம் ஆண்டு டீ. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர், இந்த மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கிட்டுக் கட்டுரை வாசித்தார். அன்றைய ஆட்சியாளர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950இல் பழைய லக்சபான நிலையம் இயங்கியபோதுதான் அவர் கனவு பலித்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு அவர் பெயராலேயே ஒரு மின்நிலையம் எழுந்தது. பின்னர் மவுசாகலை அணையும், பொல்பிட்டிய, புதிய லக்சபான, கெனியன் நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு நிலையத்தில் சுழலியைச் சுழற்றிய நீர் கீழே அடுத்த நிலையத்தில் மறுபடியும் சுழற்றும். நாட்டுக்கு அது பெரிய செல்வம். அதைக் குறை கூற எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ஆண்டுகளை மட்டும் சற்று நினைத்துப் பாருங்கள். 1948இல் நமது மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. காசல்ரீயில் நீர் ஏறிய காலமும் மவுசாகலையில் நீர் ஏறிய காலமும் அதுதான். ஓயாவின் நீரைக் கன அடியில் அளந்தார்கள். அதன் கரையில் இருந்த மனிதனை எந்த அளவையாலும் அளக்கவில்லை. ஏனெனில் சட்டத்தின் கண்ணுக்கு அவன் அங்கே இல்லை.

பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த சுவர்களோடு வெளியே தலைகாட்டும். மக்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. கேட்காமல் எடுத்த நீர் மறுபடியும் மறுபடியும் நம்மிடம் கேட்கும் கேள்வியாகவே அது தோன்றுகின்றது.

அருவிக்கு நேரசூசி

இனித் தலவாக்கலைக்கு வருவோம். மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது காலம் மாறியிருந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பெருந்திட்டம் தொடங்குமுன் சுற்றாடல் பாதிப்பை ஆராய்ந்து மக்கள் முன் வைக்கவேண்டும் என்ற விதி பிறந்திருந்தது. அதே 1988இல் நாடற்றவர்களாகக் கிடந்த நமது மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறிற்று. பாராளுமன்றத்தில் நமக்குப் பிரதிநிதிகள் இருந்தார்கள். நமக்கு வாயும் இருந்தது; அதைத் திறக்க இடமும் இருந்தது.

விளைவு என்ன? மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் இத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மேன்முறையீடும் வாதப்பிரதிவாதமுமாக ஆண்டுகள் ஓடின. மலையகத் தலைவர்கள் எதிர்த்தார்கள். சூழல் காப்பாளர் வழக்காடினார்கள். வீடிழப்போர் எங்கே போவது, நீர்வீழ்ச்சி என்னாவது என்ற இரண்டு கேள்விகளும் நாடெங்கும் ஒலித்தன. 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2012இல் 150 மெகாவாற் ஆற்றலோடு நிலையம் இயங்கத் தொடங்கியது. இடம்பெயர்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்களுக்கு மாற்று வீடுகள் கட்டப்பட்டன.

அந்த நிபந்தனைகளுள் ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். சென் கிளயர் நீர்வீழ்ச்சி அடியோடு வற்றிவிடக்கூடாது என்பதற்காக, காலை 5.45 முதல் மாலை 4 மணி வரை, நாளொன்றுக்குப் பத்தேகால் மணி நேரம், அதில் நீர் விடப்படவேண்டும் என்று வகுத்தார்கள். அருவிக்கு நேரசூசி எழுதிய அதிசயம் நம் ஊரில் நடந்தது! புகையிரதத்துக்கு நேரசூசி உண்டு, பாடசாலைக்கு உண்டு, அருவிக்கும் வந்துவிட்டது.

சிலர் இதைக் கேட்டு நகைக்கிறார்கள். இயற்கை கொடுத்த அருவியை மனிதன் காலையில் திறந்து மாலையில் மூடுவதா என்று வருந்துவோரும் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கின்றது. தன் விருப்பப்படி இருபத்து நான்கு மணி நேரமும் விழுந்த அருவியைக் கண்ட கண்ணுக்கு இது அருவியின் நிழல்தான். ஆயினும் நான் இதிலே ஒரு பாடத்தைக் காண்கிறேன். மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளுக்கு இடையே, எழுத்திலே, மணிக்கணக்கிலே, எவரும் கடிகாரத்தைப் பார்த்துச் சோதிக்கக்கூடிய முறையிலே ஓர் ஏற்பாடு செய்ய முடியும் என்பதை அது நிரூபித்துவிட்டது. முடியாது என்று இனி எந்த உத்தியோகத்தரும் சொல்ல முடியாது.

சுற்றுலாப் பயணி வந்து பார்க்கும் அருவிக்கு நேரம் குறிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே மலையின் லயத்தில் வாழும் தாயின் குடத்துக்கு நேரம் குறிக்கத் தெரியவில்லையே, ஏன்?

பீலிக்கரையின் கதை

நான் லயத்திலே பிறந்தவன். எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் மடிப்பில் ஒரு ஊற்று. அதிலிருந்து மூங்கிலும் பின்னர் இரும்புக் குழாயுமாக வந்த பீலி. விடியுமுன் என் தாய் அங்கே வரிசையில் நிற்பார். பிரட்டுக்குப் போகுமுன் குடம் நிரம்பவேண்டும். நிரம்பாவிட்டால் அன்றைக்குச் சமையல் பிந்தும், வேலைக்குப் பிந்தும், பேர் விழாது. மாசி, பங்குனியில் பீலி நூலாக இளைத்துவிடும். மழைக்காலத்தில் மலையில் அடித்த மருந்தும் உரமும் சேற்றோடு வரும். அந்தப் பீலிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால், தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும். அரசாங்கம் தோட்டத்தைக் காட்டும்.

இது தனியொருவரின் குற்றமன்று. சட்டத்தின் அமைப்பே அப்படி இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. நம் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த சபை, நம் மக்களின் குழாயைத் திருத்த முடியாத விந்தை! 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியது நன்று. ஆனால் தடை நீங்குவது வேறு, தண்ணீர் வருவது வேறு என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், பின்னாளில் அரச காணிச் சட்டம் எனப்பட்டது, பொது ஆறுகளின் நீரை ஆளும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தது. கரையில் உள்ள காணியை ஆள்பவர் வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் நீர் கொள்ளலாம் என்றும் அது ஏற்றுக்கொண்டது. மலையகத்தில் கரையை ஆள்பவர் யார்? குத்தகைப் பத்திரம் வைத்திருக்கும் கம்பனியா? அல்லது தலைமுறை தலைமுறையாக அக்கரையிலே பிறந்து, அக்கரையிலே இறந்து, காணி உறுதி ஏதுமில்லாமல் லயக்காம்பிராவில் வாழும் தொழிலாளியா? நம் முன்னோர் இம்மண்ணுக்கு வந்த 200 ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டு குடித்த நீருக்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காணியுரிமைப் போராட்டம் என்று நாம் நடத்துவது, உற்றுப் பார்த்தால், நீருரிமைப் போராட்டமும் ஆகும்.

விவசாயிக்கு ஒரு வார்த்தை

மரக்கறித் தோட்டக்காரரின் இடருக்கு வருவோம். கந்தப்பளைப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: ஓடையிலிருந்து இயந்திரம் வைத்து நீர் இறைக்க முறையாக அனுமதி பெற விரும்பி ஓர் அலுவலகத்துக்குப் போனாராம். அங்கே வேறோர் அலுவலகத்தைச் சுட்டினார்கள். அங்கே போனால் மூன்றாவதைச் சுட்டினார்கள். மூன்றாவது இடத்தில் முதலிடத்துக்கே போகச் சொன்னார்கள். அதற்குள் லீக்ஸ் வாடிவிட்டது. பிறகு அவர் அனுமதியின்றியே இறைத்தார். இப்பொழுது சட்டத்தை மீறியவர் யார்? அவரா, அவரை மீற வைத்தவர்களா?

காணிக்குப் பிரதேச செயலகம், சூழலுக்கு ஓர் அதிகாரசபை, மீனுக்கு ஓர் அதிகாரசபை, மகாவலிக்கு ஓர் அதிகாரசபை, மாணிக்கக்கல்லுக்கு ஓர் அதிகாரசபை, மணலுக்கு ஒரு பணியகம், அணைக்கு மின்சார நிருவாகம். ஓர் ஓயாவுக்கு இத்தனை எசமானர்! எசமானர் பலரானால் கட்டுப்பாடு கூடும் என்று நினைப்பது தவறு. பொகவந்தலாவையில் ஆற்றங்கரையைக் கள்ளத்தனமாகக் குடைந்து மாணிக்கம் தேடுவோரை இத்தனை அதிகாரங்களும் சேர்ந்து தடுத்துவிட்டனவா? அந்த மண் முழுதும் கெசல்கமு ஓயாவில் கரைந்து காசல்ரீயின் வயிற்றில் அல்லவா படிகிறது! எளியவனின் குழாயைக் கண்டுபிடிக்கும் கண், களவாடுவோனின் மண்வெட்டியைக் காண்பதில்லை.

நிருவாகம் ஒருநாள் ஒன்று சொல்லி மறுநாள் வேறு சொல்வதும் ஒரு கேடு. நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசாங்கம் 1990இல் ஒரேயடியாக நிறுத்திக்கொண்டது. குளங்களில் குஞ்சு விடுவது நின்றது, தொழில் நலிந்தது. 1994இல் மறுபடி தொடங்கினார்கள். 1998இல் அதற்கெனச் சட்டமும் செய்தார்கள். நீரில் பிழைப்பவன் நான்கு ஆண்டு பட்டினி கிடந்து கொள்கை மாறக் காத்திருக்க முடியுமா?

நம்மிடமும் குறை உண்டு. அதை மறைத்தால் நான் மேடைக்கு ஏற்றவனல்லன். ஓடையின் விளிம்புவரை கிழங்கு நடுகிறோம். பாத்தி வெட்டும்போது சரிவைப் பார்ப்பதில்லை. அளவுக்கு மீறி உரமிடுகிறோம். அது மழையோடு கீழே போய் நீர்த்தேக்கத்தைப் பச்சையாக்குகிறது. நுவரெலியாவில் 1873இல் தேசாதிபதி கிரகறி அமைத்த வாவி, மேலே உள்ள நிலங்களின் வண்டலால் எப்படித் தூர்ந்தது என்பதை அவ்வூரார் அறிவர். எமக்கு மேலே உள்ளவன் எமக்குச் செய்வதைக் குறை கூறும் நாம், எமக்குக் கீழே உள்ளவனுக்குச் செய்வதையும் எண்ணவேண்டும். ஆற்றின் கரையில் எல்லாரும் ஒருவருக்குக் கீழேயும் இன்னொருவருக்கு மேலேயும் இருப்பவர்கள்தாம்.

விற்பனையும் வேண்டாம், வேலியும் வேண்டாம்

2000ஆம் ஆண்டில் தேசிய நீர்வளக் கொள்கையொன்றுக்கு மந்திரிசபை இசைவளித்தது. நீரைப் பயன்படுத்தும் உரிமையைப் பத்திரமாக்கி, கைமாற்றத்தக்கதாகச் செய்யும் எண்ணம் அதில் இருந்தது. தண்ணீருக்கு விலைப்பட்டியல் தொங்கப்போகிறது என்று நாட்டு விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். கொள்கை நடைமுறைக்கு வரவில்லை. விவசாயிகள் எழுந்தது சரியே. சந்தையில் ஏலம் போடும் பொருளாக நீர் ஆகுமானால், முதலில் தோற்பவன் லயத்தில் உள்ளவன்.

அதேபோல், அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்ற போக்கும் நமக்கு வேண்டாம். அதன் பலனைப் பதுளை மாவட்டத்தில் கண்டோம். உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் ஊற்றுகளும் கிணறுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2024இல் அந்த நிலையம் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் வந்தது, வற்றிய ஊற்றின் கண்ணைத் திறக்கும் பொத்தான் எந்த நிலையத்திலும் இல்லை. முன்கூட்டிக் கேட்பது தாமதம் என்று எண்ணுவோர், பின்னர் அழுவதற்கு ஆகும் காலத்தையும் கணக்கில் சேர்க்கட்டும்.

இரண்டுக்கும் நடுவிலே ஒரு நேர்வழி இருக்கின்றது. 2000இல் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில் நம் உயர்நீதிமன்றம் அவ்வழியைக் காட்டியது. இயற்கை வளங்களை அரசாங்கம் தன் சொத்தாக நினைத்து விரும்பியவாறு கொடுத்துவிட முடியாது. இன்றைய மக்களுக்காகவும் நாளைய மக்களுக்காகவும் காக்கும் பொறுப்பாளியே அது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பொறுப்பாளி என்றால் கணக்குக் காட்டவேண்டும். கோயிற் சொத்தை வைத்திருக்கும் தர்மகர்த்தாவிடம் ஊரார் கணக்குக் கேட்பதில்லையா? ஆற்றின் தர்மகர்த்தாவிடம் கரையார் கேட்பதும் அப்படித்தான்.

நாம் கேட்பவை

ஆகவே, இக்கூட்டத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, குடிநீருக்கு முதலிடம் என்பது எழுத்தில் வரவேண்டும். லயங்களுக்கு மேலுள்ள ஒவ்வோர் ஊற்றும் அளந்து, எல்லையிட்டு, மருந்தடிக்காத ஒதுக்கு நிலத்தோடு பதிவு செய்யப்படவேண்டும். அருவிக்குப் பத்தேகால் மணி நேரம் குறித்தவர்கள், ஒவ்வொரு லயத்துக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று குறிக்கட்டும். குறித்ததைக் கொடுக்கும் பொறுப்பு எவருடையது என்பதையும் பெயர் சொல்லி எழுதட்டும்.

இரண்டாவது, அணைக் கதவு திறக்கும் செய்தி தமிழிலும் வரவேண்டும். ஆற்றில் குளிப்பவனுக்கும் துணி துவைப்பவளுக்கும் எட்டும்படி வரவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இம்மலைநாட்டில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொட்டிச் சென்ற பின்னர், எச்சரிக்கை என்பது சலுகை அல்ல, உயிர் என்று நாம் உணர்ந்துவிட்டோம். புரியாத மொழியில் தொங்கும் பலகை, பலகை இல்லாமைக்குச் சமம்.

மூன்றாவது, நீர் இறைக்கவும், மீன் பிடிக்கவும், படகு விடவும் விரும்புவோருக்கு ஒரே வாசல் வேண்டும். ஒரு விண்ணப்பம், ஒரு தவணை, மறுத்தால் எழுத்தில் காரணம். நேர்மையானவனுக்கு வாசல் அகலமாக இருந்தால், கள்ளனைக் காண்பதும் எளிதாகும்.

நான்காவது, ஓயாதோறும் அதன் கரையார் அமரும் சபை வேண்டும். மின்சார நிருவாகமும், கம்பனியும், மரக்கறி விவசாயியும், லயத்துத் தாயும், கீழ்நாட்டு வயற்காரரும் அதில் ஒரே மேசையில் இருக்கவேண்டும். நீர் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, யாருக்குப் போயிற்று என்ற கணக்கு அங்கே வாசிக்கப்படவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகளா? காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்பிய காலத்தில் நாம் இல்லாதவர்களாக எண்ணப்பட்டோம். மேல் கொத்மலைக் காலத்தில் நாம் பேசினோம்; பேசியதால் அருவி முற்றாகச் சாகவில்லை, வீடிழந்தோர் தெருவில் நிற்கவில்லை. வித்தியாசம் பொறியியலில் இல்லை, தோழர்களே! கரையில் உள்ளவனுக்குக் குரல் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அந்தக் குரலை அருவிக்காக எழுப்பி முடித்தவுடன் நாம் அடக்கிக்கொண்டுவிட்டோம். பீலிக்காக அதை மறுபடி எழுப்பவேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அதன் பிறகே அரசும் அமைச்சும் பொருளும் வந்தன. அந்த வரிசையை நம் ஆட்சியாளருக்கு நினைவூட்டுவது நம் கடமை. நாளைக் காலை 5.45க்குச் சென் கிளயரில் நீர் விழத் தொடங்கும். அந்த நேரத்திலே எங்காவது ஒரு லயத்தில் ஒரு தாய் வெறுங்குடத்தோடு பீலியில் நின்றுகொண்டிருப்பாள். அந்த இரண்டு நீரும் ஒரே மலையின் நீர். ஒன்றுக்குச் சட்டம் உண்டு, மற்றொன்றுக்கும் வேண்டும்.